மரக்காளானிலிருந்து 31 கிராம்



இன்றைக்கு நான் உரத்தைப் பற்றியோ விதையைப் பற்றியோ பேச வரவில்லை. ஒரு சரித்திரம் சொல்ல வந்திருக்கிறேன். ஜப்பான் நாட்டிலே நடந்த சரித்திரம். "அதுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இருக்கிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் அந்தத் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்து போயிற்று. மிஞ்சின மரங்களில் நாலைந்தில் அடிமரத்திலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடிகிறது, வந்து பாருங்கள் என்று தோப்புக்காரர் போன் பண்ணியிருந்தார். போய்ப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, தஞ்சாவூர் வாடல் நோய்தான். 1952-ல் நம் தஞ்சைச் சீமையில் முதலில் கண்டதனால் வந்த பெயர் அது. ஒரு மரத்தின் அடியில், தரையை ஒட்டி, அரைவட்டத் தட்டு மாதிரி ஒரு காளான் முளைத்திருந்தது. செம்பழுப்பு நிறம், மேலே வார்னிஷ் அடித்தாற்போல் பளபளப்பு. கானோடெர்மா என்கிற பூசணம். உள்ளே வேரையும் அடிமரத்தையும் தின்று முடித்த பிறகுதான் அது வெளியே தலை காட்டும். நோய் கண்ட மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டித் தனிப்படுத்தச் சொன்னேன். மற்ற மரங்களுக்கு வேப்பம் பிண்ணாக்கு மரத்துக்கு 5 கிலோ போடச் சொன்னேன். அந்த வேலை அதோடு முடிந்தது.

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிக்கும்போது அவர் உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தார். "சார், இதிலே என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். வாங்கிப் பார்த்தால், டப்பாவின் மேல் படம், நாங்கள் சற்று முன் தென்னை அடியில் பார்த்தோமே, அச்சாக அதே பளபளப்புத் தட்டுக் காளான்! கானோடெர்மா பொடி. விலை ஒரு மூட்டை நெல்லுக்கு மேலே. அவர் சம்சாரத்துக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. டாக்டர் போடச் சொன்ன ஊசியில் இன்னும் நாலு பாக்கி. டப்பா விற்ற ஆள், "ஊசி உடம்பை உருக்கிடும், இதை மூணு மாசம் சாப்பிட்டாப் போதும், ஜப்பான்காரன் கண்டுபிடிச்சது" என்று சொல்லியிருக்கிறான்.

"மரத்தைக் கொல்ற காளான் மனுஷியைப் பிழைக்க வைக்குமா சார்? அடுத்த ஊசிக்குப் போகாம இருந்துடலாமான்னு யோசிக்கிறோம்" என்றார் அவர். அந்த அம்மாள் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் டாக்டர் இல்லை. விவசாயம் படித்தவன், கொஞ்சம் ரசாயனமும் படித்தவன். ஆனால் அந்த ஆள் சொன்ன ஜப்பான் கதை இருக்கிறதே, அதில் பாதி நிஜம். மீதிப் பாதியைத்தான் அவன் சொல்லவில்லை. முழுக் கதையையும் அன்றைக்கு அந்தத் திண்ணையில் சொன்னேன். அதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

மரத்தில் முளைக்கும் காளானை மனுஷன் பயிர் செய்ய ஆரம்பித்தது சீன தேசத்தில். 1313-ல் வாங் சென் என்பவர் எழுதிய விவசாய நூலிலே அந்த முறை சொல்லியிருக்கிறது. மரத்தை வெட்டிச் சாய்த்து, கோடாலியால் அங்கங்கே கொத்திவிட்டு, மூடிப் போட்டு வைப்பார்கள். காற்றில் பறந்து வரும் காளான் வித்து அந்தக் கொத்திலே விழுந்து, வருஷக் கணக்கில் உள்ளுக்குள்ளே இழை ஓடும். பிறகு கட்டையைத் தடியால் ஓங்கி அடிப்பார்கள், காளானைத் 'திடுக்கிட வைப்பதற்காக'! சிரிக்காதீர்கள். அடி விழுந்தால் காளான் சீக்கிரம் வெளிவருவது உண்மைதான். காரணம் தெரியாமலே கை கண்ட வித்தை அது.

அந்தக் காளானுக்கு ஜப்பான்காரர்கள் வைத்த பெயர் ஷிட்டாக்கே. 'ஷீ' என்பது ஒரு மரம், 'டாக்கே' என்றால் காளான். மரத்தின் பெயரையே காளானுக்கும் வைத்துவிட்டார்கள். நம்மிடம் முருங்கைக் காய், முருங்கைக் கீரை என்கிறோம் அல்லவா, அதுபோல. ஜப்பானியரும் கட்டையைக் கத்தியால் கொத்திப் போட்டுவிட்டுக் காற்றையும் கடவுளையும் நம்பி உட்கார்ந்திருந்தார்கள். வித்து விழுந்தால் லாபம், விழாவிட்டால் மரம் வாங்கின கடன்தான் மிச்சம். நம்மூர் மானாவாரிக்காரர் வானத்தைப் பார்க்கிற மாதிரி.

1900-க்குப் பிந்தைய காலத்தில் கிசாகு மோரி என்று ஒரு வாலிபர் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தார். தெற்கே க்யூஷு தீவின் ஓயிட்டா மலைப் பக்கம் போனபோது ஒரு காட்சியைக் கண்டார். ஏழைக் குடியானவர் ஒருவர் கட்டைகளுக்கு முன்னால் மண்டியிட்டுக் கைகூப்பி, 'காளானே வெளியே வா, நீ வராவிட்டால் நான் ஊரை விட்டே போக வேண்டியதுதான்' என்கிற கருத்தில் வேண்டிக்கொண்டிருந்தாராம். அது அந்த வாலிபரின் மனசை விட்டுப் போகவேயில்லை. பல வருஷம் பாடுபட்டு 1942-ல் ஒரு வழி கண்டார். சின்ன மரத்துண்டுகளில் வேறு பூசணம் எதுவும் கலக்காமல் ஷிட்டாக்கே இழையை மட்டும் வளர்த்தார். கட்டையில் துளை போட்டு, அந்தத் துண்டை ஆப்பு மாதிரி அடித்து இறக்கினால் தீர்ந்தது! காற்றை எதிர்பார்க்க வேண்டாம். இன்றைக்கு நீங்கள் காளான் வித்துப் புட்டி வாங்கி வந்து வைக்கோல் பையில் போடுகிறீர்களே, அதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான். ஜப்பான் மலைக் கிராமங்களில் ஷிட்டாக்கே நிச்சயமான பயிர் ஆனது இதனால்தான். கிலோக் கணக்கில் இல்லை, வண்டிக் கணக்கில் காளான் கிடைக்க ஆரம்பித்தது. அப்படிக் கிடைத்திராவிட்டால் பின்னால் வரப்போகிற ஆராய்ச்சி நடந்தே இருக்காது. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, காளானுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மரம், வைக்கோல், அரிசி எல்லாவற்றிலும் அடிப்படைச் சரக்கு ஒன்றே ஒன்று, குளுக்கோஸ் என்கிற சர்க்கரை. அதை ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிகளை ஒரு விதமாகக் கோத்தால் அரிசியின் மாவுச்சத்து, வேறு விதமாகக் கோத்தால் வைக்கோலின் நார்ச்சத்து. மணி அதேதான், முடிச்சுதான் வேறு. அரிசி முடிச்சை அவிழ்க்க நம் வயிற்றுக்குத் தெரியும். வைக்கோல் முடிச்சை அவிழ்க்க மாட்டு வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்களுக்குத் தெரியும். மரத்தையே தின்னும் காளானுக்கும் தெரியும். காளான் அதை அவிழ்த்து, மணிகளை எடுத்து, மூன்றாவது ஒரு முடிச்சுப் போட்டுத் தன் உடம்புச் சுவரைக் கட்டிக்கொள்கிறது. இப்படிக் கோத்த நீண்ட மாலைகளுக்குக் கூட்டுச் சர்க்கரை என்று பெயர். படித்தவர்கள் பாலிசாக்கரைடு என்பார்கள். காளானின் கூட்டுச் சர்க்கரையில் முக்கியமானது பீட்டா குளூக்கான். டப்பாக்களில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது இந்தப் பெயரைத்தான்.

இனி டோக்கியோவுக்குப் போவோம். அங்கே தேசியப் புற்றுநோய் மையத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களின் கடைசியில் கோரோ சிஹாரா என்கிற விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்தவர்களும் காளான்களைக் கையில் எடுத்தார்கள். மரக்காளான் கஷாயம் கட்டியைக் கரைக்கும் என்று அந்த நாட்டுப் பாட்டிகள் ரொம்ப காலமாகச் சொல்லி வந்தார்கள். பாட்டி வைத்தியம் என்று இவர்கள் ஒதுக்கவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை. வெந்நீரில் காய்ச்சிச் சாறு எடுத்து, கட்டி வைத்த சுண்டெலிகளின் வயிற்றறைக்குள் ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். 1969-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில், ஷிட்டாக்கே சாறு கட்டியின் வளர்ச்சியைச் சுமார் 80 சதவீதம் அடக்கியது. நாம் வைக்கோலில் வளர்க்கிறோமே சிப்பிக் காளான், அதுவும் பிறப்பால் மரக்காளான்தான். அதன் சாறு சுமார் 75 சதவீதம் அடக்கியது. எலியில், ஊசியில். இந்த இரண்டு வார்த்தையையும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சாறு வேலை செய்கிறது. சாற்றில் ஆயிரம் சரக்கு இருக்கும். எது அந்த வேலையைச் செய்கிறது? இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வரப்பிலே நாலு பேர் நடந்து போனார்கள், யார் மடையைத் திறந்துவிட்டது என்று கண்டுபிடிக்கிற மாதிரி. ஒவ்வொருவராகப் பிரித்துத்தான் விசாரிக்க வேண்டும்.

சிஹாரா 200 கிலோ பச்சை ஷிட்டாக்கே காளானை எடுத்துக்கொண்டார். வெந்நீரில் மணிக்கணக்காகக் கொதிக்க வைத்தார்கள். கூட்டுச் சர்க்கரை கொதிநீரில் இறங்கும். சக்கையை வடித்து எறிந்துவிட்டு, சாற்றைச் சுண்டக் காய்ச்சினார்கள். இதுவரைக்கும் நம் வீட்டுக் கஷாயம்தான். அதற்கு மேல் கஷாயம் இல்லை, ரசாயனம்.

சுண்டிய சாற்றிலே சுத்தமான ஆல்கஹாலை ஊற்றினார்கள். சாதாரணச் சர்க்கரையும் சில்லறைச் சரக்கும் கரைந்தபடியே நிற்க, நீண்ட மாலைகள் மட்டும் நார்நாராகத் திரிந்து இறங்கிவிடும். பால் திரிகிற மாதிரி. அந்தத் திரளை எடுத்து மறுபடி தண்ணீரில் கரைத்து, சோப்பு இனத்தைச் சேர்ந்த ஒரு ரசாயனத்தைச் சேர்த்தார்கள். வேண்டிய சர்க்கரை அதோடு சேர்ந்து படிந்தது. அதைப் புளிப்பான அசிட்டிக் அமிலத்திலே கழுவினார்கள், காரத்திலே கரைத்தார்கள், ஒட்டிக்கொண்டிருந்த புரதத்தைக் குளோரோபாரம் கலந்த திரவத்தால் குலுக்கிக் குலுக்கி நீக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் கிடைத்ததைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் எலிக்குப் போட்டு, எந்தப் பங்கிலே வேலை இருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் அடுத்த படிக்கு எடுத்துப் போனார்கள். நெல்லைத் தூற்றுகிறோம், சலிக்கிறோம், புடைக்கிறோம், கடைசியில் விதைக்கென்று கையால் பொறுக்குகிறோம் அல்லவா, அந்தப் பொறுமைதான்.

கடைசியில் வெள்ளைப் பொடியாகக் கையில் நின்றது எவ்வளவு தெரியுமா? 31 கிராம். 200 கிலோ காளானுக்கு 31 கிராம்! கணக்குப் போட்டால் ஒரு கிராமுக்கு ஆறரைக் கிலோ காளான் ஆகிறது. மோரியின் ஆப்பு இல்லாமல், காற்றை நம்பிக்கொண்டிருந்தால், ஆராய்ச்சிக்கென்று இத்தனை காளானை யார் கொடுத்திருப்பார்கள்? ஷிட்டாக்கேயின் விஞ்ஞானப் பெயர் அப்போது லென்டினஸ் எடோடெஸ். அதிலிருந்து அந்தப் பொடிக்கு லென்டினான் என்று பெயர் வைத்தார்கள். 1970-ல் முழு விவரமும் பிரசுரமாயிற்று.

பொடி கிடைத்தால் போதாது, அது என்ன என்று சொல்ல வேண்டும். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தமான இடம், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். அமிலத்திலே கொதிக்க வைத்து மாலையை உதிர்த்துப் பார்த்தார்கள். விழுந்ததெல்லாம் குளுக்கோஸ் மணிதான், வேறு மணி கலப்பு இல்லை. சரி, முடிச்சு எங்கே? கண்ணுக்குத் தெரியாத சரக்கில் முடிச்சை எப்படிப் பார்ப்பது? அதற்கு ரசாயனக்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். வேலிக் கழிகளைக் கயிற்றால் கட்டினபடியே சுண்ணாம்பு அடித்துவிட்டு, பிறகு கயிற்றை அவிழ்த்துப் பாருங்கள். கயிறு மறைத்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு இருக்காது. கட்டு எங்கே இருந்தது என்று கழியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதே மாதிரி மாலை முழுவதற்கும் மீத்தைல் என்கிற பூச்சுப் பூசி, பிறகு உதிர்த்து, ஒவ்வொரு மணியிலும் எந்த இடம் பூசாமல் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

குளுக்கோஸ் மணியில் இடங்களுக்கு நம்பர் உண்டு. அரிசியிலும் வைக்கோலிலும் பெரும்பாலும் ஒன்றாம் இடமும் நாலாம் இடமும் சேர்ந்திருக்கும். லென்டினானில் ஒன்றும் மூன்றும் சேர்ந்து நீண்ட கொடியாக ஓடுகிறது. அந்தக் கொடியில் ஐந்து மணிக்கு இரண்டு இடத்தில், ஆறாம் இடத்திலிருந்து பக்கச் சிம்பு கிளம்புகிறது. 1976-ல் சஸாகி, தகாசுகா என்கிற இருவர் இதை உறுதி செய்தார்கள். எடை பார்த்தால் ஒரே மாலையில் ஆயிரக்கணக்கான மணிகள். 1977-ல் எக்ஸ்ரே கொண்டு பார்த்தபோது இன்னொரு அதிசயம் தெரிந்தது. மூன்று கொடி ஒன்றாகச் சேர்ந்து, மூன்று புரி கயிறு திரித்த மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது! புரியைப் பிரித்துவிட்டால் எலியிலே வேலை செய்கிற சக்தியும் குறைந்துவிடுகிறது என்று பிற்பாடு சோதித்துக் கண்டார்கள். மணியும் அதே, முடிச்சும் அதே, ஆனால் முறுக்கு போனால் பலன் போச்சு. மருந்து என்றால் காளானைப் பொடித்து டப்பாவில் அடைப்பது அல்ல என்பது இந்த இடத்திலேயே தெரிகிறது அல்லவா?

லென்டினான் வேலை செய்த விதமும் விநோதம். கண்ணாடிக் குழாயில் புற்று அணுக்களை வைத்து லென்டினானை ஊற்றினால் அவை சாகவில்லை. பூச்சிமருந்து பூச்சியைக் கொல்கிற மாதிரி அது எதையும் கொல்லாது. எலியின் உடம்பில் இருக்கிற காவல் அணுக்களைத் தட்டி எழுப்பிவிட்டு, அவற்றைக் கொண்டு வேலை வாங்குகிறது என்று சிஹாராவும் மயேதாவும் 1971-ல் எழுதினார்கள். அதற்கும் ஓர் அளவு இருந்தது. எலியின் எடைக்கு ஏற்ற மிகச் சிறிய அளவில் கட்டி மறைந்தது, அளவு மிஞ்சிப் போனால் பலன் குறைந்தது. யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் சாய்வது உங்களுக்குத் தெரியும்.

இதே காலத்தில் இன்னொரு கதையும் நடந்தது. மரத்தில் விசிறி மடிப்பாக, வரிவரியாக முளைக்கும் காளான் ஒன்று உண்டு. இப்படிக் கட்டையில் தட்டாக முளைக்கிறவற்றை ஜப்பான்காரர்கள் 'குரங்கு உட்காரும் மணை' என்பார்கள். 1965-ல் ஒரு ரசாயனக் கம்பெனியின் ஊழியர், ஆஸ்பத்திரியில் கைவிட்ட அண்டை வீட்டுக்காரர் இந்தக் காளான் கஷாயம் குடித்துத் திரும்ப வேலைக்குப் போனதைப் பார்த்தாராம். ஒரு மனுஷன் பிழைத்ததை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஆராய்ச்சி தொடங்க அது போதும். குரேஹா என்கிற கம்பெனி அந்தக் காளானின் இழையைத் தொட்டியில் வளர்த்து, வெந்நீரில் இறக்கி, உப்புச் சேர்த்துப் பிரிய வைத்து, புரதம் ஒட்டிய ஒரு கூட்டுச் சர்க்கரையை எடுத்தது. 1977-ல் ஜப்பான் அரசு அதை மருந்தாக அங்கீகரித்தது. க்ரெஸ்டின் என்று பெயர். இது ஊசி இல்லை, வாயால் சாப்பிடுகிறது, தினம் 3 கிராம். 1985-ல் லென்டினானுக்கும் அங்கீகாரம் கிடைத்தது. இரைப்பைப் புற்று முற்றியவர்களுக்கு, மற்ற மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதற்கு. அது நரம்பிலே ஏற்றுகிற ஊசி, வாரத்துக்கு 2 மில்லிகிராம். ஒரு கிராமை வைத்துக்கொண்டு ஒரு நோயாளிக்கு 500 வாரம் ஊசி போடலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் ஜப்பானில் க்ரெஸ்டின் மோகம் தலைவிரித்து ஆடியது. புற்றுநோய் மருந்துக்கென்று அந்த நாடு செலவழித்த பணத்தில் நாலில் ஒரு பங்கு இந்த ஒரு மருந்துக்கே போனது என்று கணக்குச் சொல்கிறார்கள். பக்க விளைவு குறைவு, விழுங்கச் சுலபம், இயற்கைச் சரக்கு என்ற பேர் வேறு. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இதுவரை டப்பா விற்றவனும் ஏறக்குறைய சொல்லுவான். இதற்குப் பிறகு நடந்ததை அவன் சொல்ல மாட்டான்.

1989-ல் ஜப்பான் அரசே திரும்பவும் பரிசீலனை செய்தது. க்ரெஸ்டினைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, மற்ற புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எல்லை போட்டது. குடலிலும் இரைப்பையிலும் ஆபரேஷன் ஆனவர்களுக்குத் துணை மருந்தாகக் கொடுத்ததில் ஓரளவு நன்மை தெரிந்த ஆராய்ச்சிகள் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் காலம் போகப் போகப் புதிய மருந்துகள் வந்தன, 2010-களின் பிற்பகுதியில் அந்தக் கம்பெனியே க்ரெஸ்டின் விற்பனையை நிறுத்திவிட்டது.

லென்டினானுக்கும் ஒரு பெரிய பரீட்சை வந்தது. முற்றிய இரைப்பைப் புற்று உள்ள 309 பேரை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு வழக்கமான மருந்து மட்டும், இன்னொரு பங்குக்கு அதோடு லென்டினானும். யார் எந்தப் பங்கு என்பது குலுக்கல் முறையில். நாம் புது ரகத்தைச் சோதிக்கப் பக்கத்துப் பாத்தியில் பழைய ரகத்தைப் போட்டு ஒப்பிடுகிறோமே, அதேதான். 2016-ல் முடிவு வெளியானது. லென்டினான் சேர்த்துக்கொண்டவர்கள் கூடுதல் நாள் உயிரோடு இருக்கவில்லை. வழக்கமான மருந்து மட்டும் வாங்கினவர்களின் நடுக்கணக்கு 13.8 மாதம், லென்டினானும் சேர்த்து வாங்கினவர்களுடையது 9.9 மாதம். அந்த வித்தியாசமே தற்செயலாக வந்திருக்கலாம் என்று புள்ளிவிவரக்காரர்கள் சொல்கிறார்கள். லென்டினானால் கெடுதல் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் நன்மை என்று சொல்ல இடமே இல்லாமல் போயிற்று. எலியில் கட்டியை மாயமாக மறைத்த சரக்கு, 46 வருஷம் கழித்து, மனுஷனிடத்தில் அந்தப் பரீட்சையில் தேறவில்லை.

எனக்கு இதில் ஏமாற்றம் உண்டுங்க. கல்லூரி நாளில் லென்டினானைப் பற்றிப் படித்தபோது, ஒரு குடியானவரின் கட்டையிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது என்று துள்ளினவன் நான். வராமல் போனது சிஹாராவின் தப்பு இல்லை. அவர் செய்த வேலை பொன்னான வேலை. இன்றைக்கும் பீட்டா குளூக்கானைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற எவரும் அவர் காய்ச்சி வடித்த வழியில்தான் முதல் அடி வைக்கிறார்கள்.

டப்பாவில் இருந்த கானோடெர்மாவுக்கு வருகிறேன். ஜப்பானில் அதன் பெயர் ரெய்ஷி. நம் தென்னையைக் கொல்வதும் அதுவும் ஒரே இனத்துப் பங்காளிகள். அதிலும் பீட்டா குளூக்கான் இருக்கிறது, பொய் இல்லை. அதை மனுஷர்களுக்குக் கொடுத்துச் செய்த ஆராய்ச்சிகளில் தரமானவை எவை என்று பொறுக்கிப் பார்த்தவர்களுக்கு 5 ஆராய்ச்சிதான் தேறியது, எல்லாம் சேர்த்து 373 பேர். புற்றுநோய்க்கு முதல் சிகிச்சையாக இதைக் கொடுக்க ஆதாரம் போதாது என்பதே 2016-ல் அவர்கள் சொன்ன முடிவு. மற்ற சிகிச்சையோடு துணையாக வைத்துக்கொள்ளலாமா என்று வேண்டுமானால் யோசிக்கலாம் என்றார்கள். ஊசியை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடு என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

காளான் சாப்பிடக் கூடாதா என்று கேட்காதீர்கள். சிப்பிக் காளானும் பால் காளானும் நல்ல உணவு. வளர்க்கிறவர்கள் வளருங்கள், விற்கிறவர்கள் காளான் என்றே விற்கட்டும். குழம்பு வைத்துச் சாப்பிடும்போது அதில் இருக்கிற பீட்டா குளூக்கானின் பெரும்பகுதி நார்ச்சத்தாகத்தான் போகும், ஏனென்றால் அந்த முடிச்சை வெட்டுகிற கத்தி நம் வயிற்றில் கிடையாது. தென்னை அடியில் முளைத்ததை மட்டும் யாரும் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். அப்படியும் ஒருவர் என்னிடம் கேட்டார், அதனால் சொல்கிறேன்.

திண்ணைக் கதை முடிந்தபோது தோப்புக்காரர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருநூறு கிலோவுக்கு முப்பத்தோரு கிராமா?" என்று அதையே இரண்டு தடவை கேட்டார். காளான் கணக்கு அவருக்கு உறைத்துவிட்டது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டது அந்த அம்மாள்தான். "அப்ப அந்த நாலு ஊசியும் இப்படி இருநூறு பேரு முந்நூறு பேருன்னு போட்டுப் பார்த்ததுதானா தம்பி?" என்றார்கள். ஆமாம்மா, அதற்கு மேலேயே போட்டுப் பார்த்ததுதான், ஆனாலும் உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை டாக்டரிடமே கேளுங்கள், இந்த டப்பாவையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள், அவருக்குத் தெரியாமல் எதையும் சாப்பிடாதீர்கள் என்றேன். முடி கொட்டுகிறது, சோறு பிடிக்கவில்லை என்றார்கள். அதையும் டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். அதற்கும் அவர்களிடம் வழி உண்டு.

அடுத்த வாரம் பள்ளம் சரியாக வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்க அந்தத் தோப்புக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. ஊசி போடுகிற நாள், இரண்டு பேரும் விடியக்காலை முதல் பஸ்ஸுக்கே தஞ்சாவூர் போய்விட்டார்கள் என்று பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னார். பள்ளம் மூன்று அடி ஆழத்துக்கு ஒழுங்காக வெட்டியிருந்தது. தட்டுக் காளானையும் பெயர்த்து எடுத்து எரித்திருந்தார்கள்.